அம்மா கழுவிய வடிகட்டி

ஆமத்தூரிலிருந்து தில்லிக்கு என் வீட்டுக்கு வந்திருந்த அம்மா, ஒருநாள் நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், காற்றுச் சுத்திகரிப்பானின் வடிகட்டியைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து அலசிவிட்டாள். "இம்புட்டு அழுக்க வச்சுக்கிட்டு எப்படிடி மூச்சு விடுறீங்க?" என்றாள். அது கழுவக் கூடாதது. கத்திவிட்டேன். பயர் ஆபீஸ் விட்டு வந்ததும் முந்தானையை அவள் இப்படித்தான் வாளியில் அலசுவாள் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

முன்பக்க வலையில் முடியும் பஞ்சும் சிக்கும். அதைக் கழுவி, ஈரம் போக உலர்த்தி மாட்டலாம். அதன் பின்னால் மடிப்பு மடிப்பாக இருப்பது ஹெப்பா. 0.3 மைக்ரான் துகளிலும் 99.97 சதவீதத்தைப் பிடித்துவிடும். நுண்ணிழைகளில் தூசியை ஒட்டவைத்துத்தான் அது வேலை செய்கிறது. நனைந்தால் இழைகள் குலைந்துவிடும், அடைத்துக்கொண்டால் மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது மூக்கைக் கட்டிக்கொள்ள வேண்டும். தட்டாமல் பைக்குள் கட்டி எறிய வேண்டும். இல்லாவிட்டால் வீடே விட்ட தூசியைக் கழற்றுபவர் ஒருவரே இழுப்பார். எங்கள் வீட்டில் கழற்றுபவள் நான்.

வடிகட்டியின் வரலாற்றிலும் இதுவே நடந்திருக்கிறது. 1915 ஏப்ரலில் ஈப்ர நகரருகே ஜெர்மன் படை குளோரின் வாயுவைத் திறந்துவிட்டபோது, படைவீரர்களுக்கு மூக்குப் பட்டை தைத்துத் தரும்படி பிரிட்டிஷ் பெண்களிடம்தான் கேட்டார்கள். பெண்கள் வீட்டிலிருந்தே தைத்து அனுப்பினார்கள். இரண்டாம் உலகப்போரில் நாட்டிங்ஹாம் ஆலையில் ராணுவ முகமூடிகளுக்கான வடிகட்டியைச் செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அந்த வடிகட்டியில் நீலக் கல்நார் இருந்தது. பல ஆண்டுகள் கழித்து, அவர்களில் பலர் நுரையீரல் உறையில் வரும் புற்றுநோயால் இறந்தார்கள். அடுத்தவர் மூச்சைக் காக்கும் பொருளைச் செய்தபோது அவர்கள் மூச்சை யாரும் காக்கவில்லை. 1940களில் அமெரிக்காவில் அணுகுண்டு ஆய்வுக்காக உருவான ஹெப்பாவின் தொடக்ககாலத் தாளிலும் கல்நார் இருந்தது. கண்ணாடி இழை பிறகு வந்தது.

எங்கள் பக்கத்து வரலாற்றை, 1920களில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த அய்ய நாடார், சண்முக நாடாரிலிருந்து தொடங்குவார்கள். திரி வெட்டிய, குழாய் உருட்டிய, சரம் பின்னிய பெண்களுக்கு அதில் பெயர் கிடையாது. அம்மா வேலை பார்த்த ஆபீஸில் அலுமினியப் பவுடர் பறக்கும். சாயங்காலம் வேனிலிருந்து இறங்கும்போது புருவம்கூட வெள்ளி பூசியதுபோல் இருக்கும். மூக்குக்கு முந்தானைதான். கண்ணுக்கே தெரியாத துகளை நூல்சேலை எங்கே தடுக்கும்? அந்தச் சேலையை அலசிய வாளித் தண்ணீரும் சாம்பல் நிறத்தில் ஓடும்.

2015இல் தில்லியில் மூன்று பச்சிளங் குழந்தைகளின் பெயரில் பட்டாசுக்கு எதிராக உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். 2018 அக்டோபரில் வந்த தீர்ப்பு பேரியம் உப்பையும் சரவெடியையும் தடை செய்து, பசுமைப் பட்டாசுக்கு மட்டும் அனுமதி தந்தது. என் பிள்ளைக்கும் அந்தக் காற்றுதான் என்பதால் தீர்ப்பை வரவேற்றேன். சரம் பின்னியவர்களின் கூலி என்னவாகும் என்று அம்மா கேட்டாள். நகரத்தின் மூச்சை ஒரு தட்டிலும் சிவகாசியின் பிழைப்பை மறுதட்டிலும் வைத்துத்தான் நாடே பேசியது. பிழைப்பவளுக்கும் நுரையீரல் உண்டு என்பதைப் பற்றி நானும் யோசிக்கவில்லை. பேரியம் தில்லியின் வானத்துக்கு வருமுன் மருந்து அறையில் யாரோ ஒருவரின் மூக்கைக் கடந்துதான் வந்திருக்கிறது.

புது வடிகட்டி வந்தது. மாற்றிய தேதியை அதன் ஓரத்தில் எழுதி மாட்டினேன். அம்மா பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"எம்புட்டு?"

சொன்னேன். விரல்விட்டு எண்ணினாள். அவள் எண்ணியது கூலி நாள்களை.