ஏழாம் நாளின் கணக்கு: மலையகத் தோட்டங்களில் விடுமுறை உரிமை

மலையக வரலாற்றை எழுதியவர்கள் சம்பளத்தையும் குடியுரிமையையும் விரிவாக எழுதியிருக்கிறார்கள். விடுமுறையோ பெரும்பாலும் அடிக்குறிப்போடு நின்றுவிடுகிறது. இலங்கைத் தொழிலாளர் இயக்கத்தின் எழுச்சி பற்றி 1972இல் குமாரி ஜயவர்தன எழுதிய நூல் வகுத்துத் தந்த பார்வைக்கு இதில் பெரும் பங்கு உண்டு என்பது என் கருத்து.

அந்நூலின் பெருமையில் எனக்கு ஐயமில்லை. 1893 அச்சகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் முதல் 1923 பொது வேலைநிறுத்தம் வரை கொழும்புத் தொழிலாளர் கண்ட வளர்ச்சியை அதுபோல் கோவையாகச் சொன்ன வேறு நூல் அரிது. ஆனால் அந்த வரிசையில் தோட்டத் தொழிலாளர் பின்னால் வருபவர்களாகவே தோன்றுகிறார்கள். கங்காணியின் பிடி, தீராத கடன், தோட்டங்களின் தனிமை ஆகியவற்றால் கட்டுண்டிருந்த அவர்களுக்கு, 1931இல் கோ. நடேசய்யர் ஹட்டனில் தொடங்கிய சம்மேளனமே அமைப்புக்கான முதல் வாயில் என்பது அந்நூலின் வாசிப்பு. சங்கம், வேலைநிறுத்தம், சட்டம் என்ற அளவுகோலால் அளந்தால் இந்த முடிவுக்குத்தான் வர முடியும். விடுமுறைக்கு அந்த அளவுகோல் பொருந்தாது என்பதே என் மறுப்பு. விடுமுறைக்கான இழுபறி நெடுங்காலம் தோட்டத்தின் வரவுப் பதிவேடான செக்ரோலின் கட்டங்களுக்குள் நடந்தது. யாருக்குப் பேர் (ஒரு நாள் வேலைக்கான பதிவு) விழுந்தது, யாருக்கு அரைப்பேர், யார் வரவில்லை என்பதுதான் அதன் களம். அங்கே சங்கக் கொடி இல்லை என்பதால் உரிமைப் போராட்டமும் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

கோப்பிக் காலத்தில் விடுப்புக் கேட்கும் தேவையே பெரிதாக எழவில்லை. கோப்பிப் பழம் பறிக்கும் மாதங்கள் முடிந்ததும் பெருந்தொகையானோர் மன்னார் வழியாகத் தமிழ்நாட்டு ஊர்களுக்குத் திரும்பினார்கள். தை அறுவடைக்கும் பொங்கலுக்கும் ஊரில் இருப்பது பயணத்தின் ஒழுங்கிலேயே அடங்கியிருந்தது. 1869இல் கோப்பி இலைகளைத் தாக்கிய நோய் அந்த ஒழுங்கை உடைத்தது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை, 1880களில் மலைகளை நிறைத்தது. தேயிலைக்குப் பருவம் முடிவதில்லை. சில நாளுக்கொரு முறை அதே மலைக்குத் திரும்பாவிட்டால் கொழுந்து முற்றிவிடும். ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும் என்ற நிலை வந்தபிறகுதான் ‘லீவு’ ஒரு பிரச்சினையானது. கடனைத் தீர்த்துத் துண்டு என்னும் விடுவிப்புச் சீட்டு வாங்காமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாத நிலை 1921 வரை நீடித்ததையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பத்து நாள் ஊருக்குப் போய்வருவதைக்கூடத் தோட்டத்தை நடத்திய துரையும் பெரிய கங்காணியும் தப்பியோட்டமாகவே சந்தேகிக்க முடிந்தது.

இந்த மாற்றத்தின் நடுவில் வந்ததுதான் இந்தியத் தோட்டத் தொழிலாளர் பற்றிய 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். சம்பளம் மாதந்தோறும் கணக்கிடப்பட்டுக் குறித்த காலத்துக்குள் கொடுக்கப்பட வேண்டும் என்ற விதிக்காகவே அது பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறது. நான் நிறுத்தி வாசிக்க விரும்புவது கூலியைக் கணக்கிடும் முறை பற்றிய பகுதியை. வேலை செய்யும் உடல்நிலையும் விருப்பமும் உள்ள தொழிலாளி வேலை கேட்டு வந்து நின்றால், துரையிடம் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அன்றைய கூலியைக் கொடுக்க வேண்டும் என்கிறது அது. உடனே ஒரு வரம்பையும் இடுகிறது: வாரத்தில் ஆறு நாளுக்கு மேல் வேலை தர முதலாளி கடமைப்பட்டவர் அல்லர்.

இதை வாராந்த ஓய்வுக்கான முதல் சட்ட ஏற்பு என்று கொள்ளலாமா? கூடாது என்பேன். அந்த வாசகம் தொழிலாளிக்கு ஏழாம் நாளைக் கொடுக்கவில்லை. முதலாளியின் கடமை ஆறாம் நாளோடு முடிகிறது என்று மட்டுமே சொல்கிறது. எது ஓய்வு நாள் என்று பெயர் குறிப்பிடவும் இல்லை. அதன்படி ஏழாம் நாள் கூலி இல்லாத நாள், அவ்வளவே. வேலைக்கு வந்து நின்ற நாள் மட்டுமே நாள், வராத நாளுக்கு இருப்பே இல்லை என்ற கணக்கு இங்கே சட்டவடிவம் பெற்றது. பிற்காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பரவிய கைக்காசுக் கொழுந்து இந்தக் கணக்கின் நேர் வாரிசு. அன்று பேர் இல்லை. கிலோவுக்கு இவ்வளவு என்று காசு.

திருவிழா நாட்கள் இந்தக் கணக்குக்குள் எப்படி நுழைந்தன என்பதே கடினமான கேள்வி. தீபாவளியும் தைப்பொங்கலும் மட்டும் அல்ல. மாரியம்மன் தேரும் மாசி மாதத்துக் காமன் கூத்தும் தோட்டத்துக்குத் தோட்டம் வேறு நாளில் வருபவை. எந்த அரசிதழும் அவற்றுக்கு நாள் குறிக்கவில்லை. காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் ஆள் கூடாத நாள் ஒன்று ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வரும்போது, துரை அதை விடுமுறை என்று அறிவிப்பதே தன் மதிப்பைக் காக்கும் வழியாகியிருக்க வேண்டும். இதற்கு ஆண்டு குறிக்க முடியாது. வழக்கம் என்பது கையெழுத்தோடு பிறப்பதில்லை. ஆனால் சட்டம் சொல்லாத விடுமுறை ஒன்று நிலைத்திருக்கிறது என்றால், அதைக் கேட்டு நிலைநிறுத்தியவர்கள் இருந்திருக்கிறார்கள் என்றே பொருள். ஜயவர்தன ‘இன்னும் அமைப்புறாதவர்கள்’ என்று காணும் அதே லயத்து மக்கள்தான் அவர்கள்.

1941இன் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்துக்குப் பின் விடுமுறை எழுத்துக்கு வந்தது. 1966இல் ஞாயிறு நீக்கப்பட்டு, நிலாவின் கால் பகுதிகளைக் குறிக்கும் போயா நாட்கள் நாட்டின் வார விடுமுறையாயின. நிலாவின் கால் பகுதி ஏழு நாளுக்குச் சற்று மிகுதி என்பதால் சில வாரங்கள் எட்டு நாளாக நீண்டன. 1971இல் ஞாயிறு திரும்பியது. பௌர்ணமி மட்டும் பொது விடுமுறையாக நிலைத்தது. ஞாயிறும் போயாவும் வேலை செய்தால் ஒன்றரைப் பேர் என்பது தோட்டங்களில் இன்று யாவரும் அறிந்த விதி.

ஆனால் 1889இன் கணக்கு மறையவில்லை. 1954இன் கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின்படி கொழும்பு எழுதுவினைஞருக்கு ஓராண்டு சேவை நிறைந்தால் 14 நாள் வருடாந்த விடுமுறை, அதோடு 7 நாள் தற்செயல் விடுமுறை. தோட்டத் தொழிலாளியின் சம்பளத்துடன் கூடிய வருடாந்த விடுமுறையோ, முந்தைய ஆண்டில் அவர் பெயருக்கு எத்தனை நாள் விழுந்தது என்பதைப் பொறுத்தது. 2016 கூட்டு ஒப்பந்தத்தில் நாட்சம்பளம் 500 ரூபாய்; வரவுக்கான 60 ரூபாயைப் பெற, வேலை தரப்பட்ட நாட்களில் 75 விழுக்காடு வந்திருக்க வேண்டும். பிள்ளையின் காய்ச்சலுக்கும் உறவினர் இழவுக்கும் வீட்டில் நின்ற நாட்கள் அந்த 60 ரூபாயைக் கொண்டுபோக முடிந்தது. 2019 ஒப்பந்தம் அடிப்படைச் சம்பளத்தை 700 ஆக்கி அந்த ஊக்கத்தொகையை நீக்கியது. 2021இல் சம்பளச் சபை ஆயிரம் ரூபாயை நிர்ணயித்ததும், கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்தே விலகிக்கொண்டன.

அன்று முதல் பேச்சுவார்த்தை மேசையில் நாட்சம்பளத்தின் தொகையே முதலிடம் பிடித்திருக்கிறது. அடுத்த முறை அங்கே அமரும் சங்கங்கள் வருடாந்த விடுமுறையை விழுந்த பேரிலிருந்து பிரித்து, சேவை செய்த ஆண்டோடு இணைக்கக் கோர வேண்டும்.