கதிரை கொண்டுவந்தவர்கள்



உயர்தர வகுப்பிலே சொல்லியல் படிப்பிக்கும்போது திசைச்சொற்களுக்கு உதாரணம் காட்டுவது வழக்கம். தொல்காப்பியர் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தார். செந்தமிழ் நிலத்தை அடுத்திருந்த நிலங்களின் சொற்களையே அவர் திசைச்சொல் என்றார். நாமோ கடல் கடந்து வந்தவற்றையும் அதற்குள்ளேயே அடக்கிவிடுகிறோம். கதிரை, மேசை, அலுமாரி, யன்னல், குசினி, பாண், சப்பாத்து, துவாய் என்று கரும்பலகையில் எழுதி, பக்கத்தில் ‘போர்த்துக்கேயம்’ என்று ஒரு வளைகோடு போட்டுவிட்டால் பாடம் முடிந்தது.

சில வருடங்களுக்கு முன் நான் அப்படி எழுதிக்கொண்டிருக்கையில், கடைசி வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் எழும்பினான். “சேர், இதுகளை எங்கட அம்மம்மாவும் கிட்டத்தட்ட இப்பிடித்தான் சொல்லுவா” என்றான். வகுப்புச் சிரித்தது. அவன் பறங்கியர் குடும்பத்துப் பிள்ளை. (அவன் இருந்த வாங்கும் போர்த்துக்கேயச் சொல்தான், அதை அன்று நான் எழுத மறந்திருந்தேன்.) இருபது வருடமாக நான் செத்த சொற்களின் பட்டியலைப்போல ஒப்புவித்து வந்தவை, வாவிக்கு அந்தப் பக்கத்தில் ஒரு வீட்டிலே உயிரோடு இருக்கின்றன என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

மட்டக்களப்பில் போர்த்துக்கேயர் ஆண்ட காலம் மிகக் குறுகியது. வாவிக்குள் அமைந்த புளியந்தீவிலே 1628இல் கோட்டை கட்டினார்கள். 1638 மே மாதத்தில் ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்ட், கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கனின் துணையோடு அதைப் பிடித்துக்கொண்டான். இலங்கையில் ஒல்லாந்தர் கைப்பற்றிய முதலாவது கோட்டை இதுவே. பத்து வருட ஆட்சி. ஆனால் அவர்களின் மொழி இங்கே ஏறக்குறைய நானூறு வருடம் தங்கிவிட்டது. இன்றுள்ள பறங்கியர் அனைவரும் அந்தக் கோட்டைக் காவலரின் சந்ததியார் என்று கொள்ளுதல் பொருந்தாது. தீவின் மற்றைய பகுதிகளிலிருந்து வந்தவர்கள் உண்டு. ஒல்லாந்தரின் சேவையிலிருந்து பின்னர் கலந்தவர்களும் உண்டு. ரொசைரோ என்னும் போர்த்துக்கேயப் பெயரையும் அவுட்ஸ்கோர்ன் என்னும் ஒல்லாந்தப் பெயரையும் ஒரே ஒழுங்கையில் கேட்கலாம். இரு பெயராரும் வீட்டில் பேசியது போர்த்துக்கேயக் கிளைமொழியையே.

கப்பலில் வந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். போர்த்துக்கல்லிலிருந்து பெண்கள் வந்தது மிகக் குறைவு. மணமாகாத படைவீரனை ‘சொல்தாதோ’ என்றும், இங்கேயே மணம்செய்து குடியிருந்தவனைக் ‘கசாதோ’ என்றும் அவர்கள் வேறுபடுத்தினார்கள். கசாதோ என்றால் மணமானவன். வாளை வைத்துவிட்டு வீடு தேடியவன் அவன்.

அவனுக்கு இந்த மண்ணில் என்ன இருந்தது? மட்டக்களப்பில் ஒருவனுக்கு இடம் தருவது குடி. அது தாய்வழியே வருவது. கோயில் உரிமையும் வரிசையும் குடியைப் பற்றியே நின்றன. வயலோ போடிமாரின் கையில். குடியும் இல்லை, வயலும் இல்லை என்றால் எஞ்சியது கைத்தொழில். பிற்காலத்தில் பறங்கியர் தச்சு வேலையிலும் இரும்பு வேலையிலும் தையலிலும் சப்பாத்துத் தைப்பதிலும், இயந்திரங்கள் வந்தபின் அவற்றைத் திருத்துவதிலும் பேர்பெற்றதற்கு இதுவே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

எங்களிடம் தங்கிவிட்ட சொற்களைப் பாருங்கள். அரசையும் போரையும் பற்றியவை எத்தனை? நாவில் நிற்பவை கதிரை, மேசை, யன்னல், விறாந்தை, குசினி; உடுக்கும் கழுசான்; குடிக்கப் போகும் தவறணை; கிடங்கு தோண்டும் அலவாங்கு. அத்தனையும் ஒரு வீட்டைக் கட்டி, அதற்குள் இருந்து, உண்டு, வேலைக்குப் போய்வரும் மனிதனின் சொற்கள். பின்னால் வந்த ஒல்லாந்தன் கந்தோரையும் லாச்சியையும் தந்தான். எழுதுகிறவன், கணக்குப் பார்க்கிறவன் அல்லவா! கக்கூசும் அவன் தந்ததுதான். அதையும் சொல்லாமல் விட்டால் நீதியாகாது.

எல்லாவற்றையும் நாம் வாங்கிக்கொள்ளவும் இல்லை. தமிழ்நாட்டார் ‘சாவி’ என்ற போர்த்துக்கேயச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். நாங்கள் இன்றும் ‘திறப்பு’ என்றே சொல்கிறோம். யன்னலை வாங்கியவர்கள் திறப்பை ஏன் கொடுக்காமல் வைத்துக்கொண்டோம் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

இது நாம் பெற்ற பக்கம். அவர்கள் பெற்றதைத்தான் நமது பாடநூல்கள் சொல்வதில்லை. ஒல்லாந்த ஆட்சியாளர் போர்த்துக்கேயப் பேச்சை ஒழித்துத் தம் மொழியைப் பரப்ப முயன்றார்கள், முடியவில்லை. கடைசியில் அவர்களுடைய வீட்டுப் பெண்களும் பிள்ளைகளுமே அதைப் பேசலாயினர். ஆங்கிலேயர் காலத் தொடக்கத்தில் வெசுலியன் மிஷனரிமார் புதிய ஏற்பாட்டை அம்மொழியில் அச்சிட வேண்டியிருந்தது. கோவாவிற் பிறந்த அறிஞரான தல்கதோ என்னும் குருவானவர் 1900இல் இலங்கைப் போர்த்துக்கேயத்தைப் பற்றி லிஸ்பனில் ஒரு நூலே வெளியிட்டார். மட்டக்களப்புப் பேச்சைத் தனியே எடுத்து ஆராய்ந்தவர் இயன் ஸ்மித், அது 1970களில்.

அந்த ஆராய்ச்சிகள் காட்டுவது தமிழ் படித்தவனுக்கு வியப்பான செய்தி. சொற்கள் போர்த்துக்கேயம், வாக்கியம் ஏறக்குறையத் தமிழ். லிஸ்பனில் வினை நடுவிலே நிற்கும். மட்டக்களப்பில் அது நமது வாக்கியத்தைப்போலக் கடைசிக்கு வந்துவிட்டது. ‘பொருட்டு’ என்ற கருத்துடைய ‘பரா’ என்னும் சொல் போர்த்துக்கல்லில் பெயருக்கு முன்னே வருவது. இங்கே அது தேய்ந்து, பெயருக்குப் பின்னே ஒட்டி, நமது நான்காம் வேற்றுமை ‘கு’ உருபின் வேலையைச் செய்கிறது. ‘எனக்குப் பசிக்கிறது’ என்று நாம் சொல்வதுபோல, பசித்தவனை நான்காம் வேற்றுமையில் நிறுத்தவும் அம்மொழி பழகிவிட்டது. காலம் காட்டும் உருபுகளை மாத்திரம் அவர்கள் வினைக்கு முன்னேயே வைத்துக்கொண்டார்கள். ‘ஏற்கெனவே’ என்று பொருள்படும் ‘ஜா’ இறந்தகாலத்தையும், ‘பிறகு’ என்று பொருள்படும் ‘லோகோ’ குறுகி ‘லோ’ என்றாகி எதிர்காலத்தையும் காட்டும்.

இதை மொழியியலாளர் நீண்டகாலத் தொடர்பின் விளைவென்பர். அது சரியே. ஆனால் எனக்கு அதில் ஒரு குசினியும் தெரிகிறது. தகப்பனின் சொற்களைத் தாய் தன் நாவுக்கு ஏற்ற ஒழுங்கில் அடுக்கிப் பிள்ளைக்குக் கொடுக்கிறாள். பிள்ளை அதையே தன் மொழியாகக் கொள்கிறது. வந்தவன் ஊரோடு ஒட்டிய கதையை எழுதுவதற்கு, கோட்டையிலுள்ள கல்வெட்டைவிட அந்த வாக்கியம் நல்ல சான்று.

நாம் அவர்களை எப்படி ஏற்றோம் என்பதையும் சொல்லவேண்டும். ‘பறங்கி’ என்ற பெயர் ஐரோப்பியரைக் குறித்த அராபியச் சொல்லின் வழிவந்தது. அதையே ஒரு தோல்நோய்க்கும் பெயராக்கினோம். அவர்களின் கல்யாண வீட்டுக் கபிரிஞ்ஞா ஆட்டத்தையும் வயலினையும் வேலிக்கு வெளியே நின்று கேட்டோம். அந்த இசையின் வழியில் பிறந்த பைலா நாடெங்கும் பரவியபோது கைதட்டினோம். மொழியை மட்டும் ‘உடைந்த போர்த்துக்கேயம்’ என்று தள்ளிவைத்தோம்.

1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபின் இலங்கைப் பறங்கியர் பலர் அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினர். மட்டக்களப்பிலிருந்து போனவர்களும் உண்டு. போனவர்களுக்கு மீண்டும் ஒரு புதிய நாடு, புதிய குசினி. நின்றவர்களின் பிள்ளைகள் தமிழில் படித்தார்கள். 1978 நவம்பர்ச் சூறாவளி, பின்னர் நீண்ட யுத்தம், அதற்குப்பின் 2004 டிசம்பர் 26. வாவி கடலைச் சேரும் மணல்திட்டுப் பக்கமான டச்பாரில் அவர்கள் செறிந்து வாழ்ந்தார்கள். கடல் அவ்விடத்தைத் துடைத்துச் சென்றது. பலர் மாண்டனர். எஞ்சியவர்களைக் கரையை விட்டு உள்ளே குடியமர்த்தினார்கள். ஒழுங்கை ஒழுங்கையாகச் சேர்ந்திருந்தவர்கள் பிரிந்து தமிழ் அயலுக்குள் கலந்தபோது, வேலிக்கு மேலால் பேசுவதற்கு ஆளில்லாமற் போயிற்று. 2010களின் பிற்பகுதியில் லிஸ்பனிலிருந்து ஹியூகோ கார்டோசோ குழுவினர் வந்து அம்மொழியை ஒலிப்பதிவு செய்தார்கள். அவர்கள் பதிந்த காலத்திலும் சரளமாகப் பேசியோர் பெரும்பாலும் மூத்தவர்களே.

அந்த மாணவனின் அம்மம்மாவை நான் ஒருமுறை போய்ப் பார்த்தேன். சுனாமிக்குப் பின் கிடைத்த வீடு. “வாங்கோ மாஸ்டர், இருங்கோ” என்று கதிரையை நகர்த்தி வைத்தார். தன் கணவர் செய்த கதிரைகளில் தண்ணீர் கொண்டுபோகாமல் விட்டது இது ஒன்றுதான் என்றார். அவருடைய மொழியில் அதன் பெயரைச் சொல்லச் சொன்னேன். சொன்னார். திரும்பவும் சொல்லச் சொன்னேன். சிரித்துக்கொண்டு, “நீங்கள் சொல்லுறதுதானே மாஸ்டர்” என்றார்.

பிறகு பேரன் ஒரு அப்பியாசக் கொப்பி கொண்டுவந்து காட்டினான். அம்மம்மா சொல்லச் சொல்ல அவன் எழுதிய சொற்கள், எல்லாம் தமிழெழுத்தில். ‘மேசை’ என்ற இடத்தில் மூன்று தரம் வெட்டி எழுதியிருந்தான். அம்மம்மா சொல்லும் ஒலிக்கு நம்மிடம் எழுத்தில்லை. “என்ன எழுத்துப் போடுறது சேர்?” என்று கேட்டான். நான் ‘ஸ’ போடச் சொன்னேன். அம்மம்மா வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அது இல்லை என்று தலையாட்டினார்.