முகம் காணா வகுப்பறை: தொலைவிலிருந்து கற்பித்த வரலாற்றில் நான்கு இடங்கள்

2020ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தின் ஒரு முற்பகல். இளங்கலைத் தமிழ் இரண்டாமாண்டு மாணவர்க்குக் குறுந்தொகையின் பாலைத்திணைப் பாடல்களை இணையவழியே நடத்திக்கொண்டிருந்தோம். திரையில் பெயர்கள் மட்டும் வரிசையாக நின்றன. முகம் ஒன்றுகூட இல்லை. ஐம்பது நிமிடம் இடைவிடாது பேசி முடித்து, "ஐயம் ஏதேனும் உண்டா?" என்று வினவினோம். மறுமொழி இல்லை. பாடம் நன்கு விளங்கிவிட்டது போலும் என்று நம்மை நாமே தேற்றிக்கொண்டு கணினியை மூடினோம். மாலையில் மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, முதல் பத்து நிமிசம்தான் கேட்டுச்சு. எங்க ஊர்ல மாடிக்கு ஏறினாத்தான் சிக்னல் வரும். வெயில்ல போன் சூடாகி நின்னுபோச்சு. அந்தத் தலைவி கடைசியில என்னதான் சொன்னா?" என்றார்.

எஞ்சிய நாற்பது நிமிடமும் யாரிடம் பேசினோம் என்னும் கேள்வி அன்றிரவு முழுவதும் உடனிருந்தது. எதிரே இல்லாத மாணவருக்குக் கற்பிக்கும் இடர் நமக்குத்தான் முதன்முதலில் நேர்ந்ததா? நூல்களைப் புரட்டியபோது, நமக்கு முன்னே சென்றோர் பலர் என்பதும், அவர்கள் நம்மைவிட எளிய கருவிகளைக் கொண்டு நம்மைவிட ஆழமாகச் சிந்தித்திருந்தனர் என்பதும் தெரியவந்தன. அவ்வரலாற்றில் நான்கு இடங்களை மட்டும் இங்கே காண்போம்.

1. ஒரு பென்னி அஞ்சல்

1840 சனவரி 10 முதல் பிரிட்டனில் சீரான பென்னி அஞ்சல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் கடிதக் கட்டணம் தொலைவுக்கேற்ப ஏறும். பெரும்பாலும் பெறுபவரே அதைச் செலுத்த வேண்டும். புதிய முறையில் அரை அவுன்சு எடைக்கு உட்பட்ட கடிதம் நாட்டின் எந்த மூலைக்கும் ஒரு பென்னிக்குச் சென்று சேர்ந்தது. பாத் நகரில் வாழ்ந்த ஐசக் பிட்மன் என்னும் ஆசிரியர் இதனுள் ஒரு வகுப்பறையைக் கண்டார். 1837இல் அவர் வெளியிட்ட சுருக்கெழுத்து முறையின் அடிப்படைகளைச் சிறிய தாளில் அச்சிட்டு அஞ்சலில் அனுப்பினார். பெற்றவர்கள் விவிலியப் பகுதியொன்றைச் சுருக்கெழுத்தில் எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். அவர் பிழை திருத்தி மீண்டும் அனுப்புவார். கற்போர் பெருகியபோது திருத்தும் பணியைப் பகிர்ந்துகொள்ள 1843இல் ஒரு சங்கமே அமைந்தது.

நம் ஊர்த் தட்டச்சுப் பயிலகங்களின் வாயிலில் 'பிட்மன்' என்னும் பெயரைப் பலகையில் கண்டவர் நம்மில் பலர். ஆயினும் அவருடைய கற்பித்தல் முறையின் சிறப்பு நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. அச்சிட்ட தாளை ஊருக்கெல்லாம் அனுப்புவது புதுமையன்று. நூல்கள் அதனை நெடுங்காலமாகச் செய்துவந்தன. தாள் திரும்பி வந்தது என்பதே புதுமை. மாணவர் ஒன்றைச் செய்து அனுப்பியாக வேண்டும். ஆசிரியர் அதனைப் படித்தாக வேண்டும். மாணவர் கற்றாரா என்னும் வினாவுக்கு அவர் கைப்பட எழுதிய தாளே விடை. நம் ஐம்பது நிமிடப் பேச்சில் இல்லாது போனது இந்தத் திரும்பும் வழிதான்.

2. மிதிகட்டை வானொலி

அடுத்த இடம் ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதி. அங்கே கால்நடைப் பண்ணைகளில் வாழும் குடும்பத்துக்கு அண்டை வீடு என்பதே நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கலாம். 1928இல் தொடங்கிய பறக்கும் மருத்துவர் சேவைக்கு, நோயுற்றவர் வீட்டிலிருந்து செய்தி அனுப்ப ஒரு கருவி தேவைப்பட்டது. மின்சாரம் இல்லாத அவ்வீடுகளுக்காக ஆல்பிரட் டிரேகர் என்பவர் காலால் மிதித்து மின்னாக்கி இயக்கும் வானொலியை உருவாக்கினார். 1929 முதல் அது பண்ணைவீடுகளை அடைந்தது. மருத்துவருக்காக வந்த கருவியில் பெண்கள் நாள்தோறும் குறித்த நேரத்தில் ஊர்க்கதை பேசினர். ஓயாது கூவும் கலா என்னும் கிளியின் பெயராலேயே அந்த உரையாடல் வேளை வழங்கப்பட்டது.

அடிலெய்டு மீத்கி என்னும் கல்வியாளர் அப்பகுதிச் சிறுவர்களைக் கண்டபோது, அவர்களுடைய கூச்சம் அவர் உள்ளத்தைத் தைத்தது. அஞ்சலில் பாடத்தாள்கள் வந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் உடன் பயிலும் இன்னொரு குழந்தையின் குரலை அவர்கள் கேட்டதில்லை. மருத்துவருக்கான வானொலியைப் பள்ளிக்கும் பயன்படுத்தலாம் என்று அவர் எண்ணினார். 1951 சூன் 8 அன்று ஆலிஸ் ஸ்பிரிங்சில் வான்வழிப் பள்ளி முறைப்படி திறக்கப்பட்டது.

தொடக்கத்தில் ஆசிரியர் பேச, பிள்ளைகள் கேட்டனர். விரைவிலேயே வினா விடைக்கென நேரம் ஒதுக்கப்பட்டது. அவ்வானொலியில் ஒரு வேளையில் ஒருவர்தான் பேச இயலும். ஆகவே பெயர் சொல்லி அழைப்பதும் முறைவைத்துப் பேசுவதும் பாடத்தின் உறுப்புகளாயின. வானொலிப் பாடம் அரைமணி அளவினது. எழுத்தும் கணக்கும் அஞ்சல் தாள்களில் நடந்தன. குழந்தையின் அருகில் தாயோ, அமர்த்தப்பட்ட வீட்டு ஆசிரியையோ இருந்து தாள்களைச் செய்யவைத்தனர். ஆண்டுக்கு ஒருமுறையேனும் பிள்ளைகள் நகரில் கூடித் தம் வகுப்புத் தோழரின் முகத்தைக் கண்டனர். 2000களில் வானொலியின் இடத்தைச் செயற்கைக்கோள் இணைப்பும் இணையமும் பெற்ற பின்னரும், வீட்டில் அருகிருந்து துணைசெய்யும் அந்த ஒருவரின் இடம் நீங்கவில்லை. தொலைவிலுள்ள ஆசிரியருக்கு அருகிலுள்ள துணைவர் ஒருவர் வேண்டும் என்பது இப்பள்ளி தரும் பாடம்.

3. பாடம் ஆக்கும் குழு

1963இல் ஹெரால்டு வில்சன் வான்வழிப் பல்கலைக்கழகம் என்னும் கருத்தை முன்வைத்தார். அமைச்சர் ஜென்னி லீயின் விடாமுயற்சியால் அது 1969இல் அரச சாசனம் பெற்றுத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமாகியது. 1971 சனவரியில் முதல் மாணவர்கள் கற்கத் தொடங்கினர். நுழைவுக்கு முன்தகுதி கேட்கப்படவில்லை. ஆதலால் பாடத்தின் சுமை முழுவதும் பாடத்தை ஆக்குவோர் தலையில் விழுந்தது.

தனியொரு பேராசிரியர் எழுதி வைத்த குறிப்பு அங்கே செல்லாது. துறை வல்லுநர்கள், பி.பி.சி. தயாரிப்பாளர், கற்பித்தல் முறையறிந்தவர் ஆகியோர் ஒரு குழுவாக அமர்ந்து பாடத்தை ஆக்கினர். ஒருவர் எழுதியதை மற்றவர் கடிந்து திருத்தினர். எதனை அச்சில் தருவது, எதனைத் தொலைக்காட்சியில் காட்டுவது என்று பகுத்தனர். அறிவியல் மாணவர்க்குச் சோதனைக் கருவிப் பெட்டிகள் வீடு தேடிச் சென்றன. பயிற்சித் தாள்களைத் திருத்தி விளக்கம் எழுதப் பகுதிநேர ஆசிரியர்கள் இருந்தனர். பி.பி.சி.யின் நள்ளிரவுப் பாட ஒளிபரப்பு 2006இல் நின்றது. தாளைத் திருத்தும் ஆசிரியர் முறை தொடர்ந்தது. ஒளிபரப்புத்தான் ஊரார் கண்ணில் பட்டது. பல்கலைக்கழகத்தைத் தாங்கியதோ திருத்தப்பட்ட தாள்.

இந்தியாவில் 1962இல் தில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியிருந்தது. தமிழகத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971இல் அவ்வழியில் இறங்கியது. வேலைக்குச் சென்றோர், திருமணத்தால் படிப்பு நின்ற பெண்கள் எனப் பல்லாயிரவர் பட்டம் பெற அஞ்சல்வழிக் கல்வி கைகொடுத்ததை மறுப்பதற்கில்லை. நாமும் பின்னாளில் ஒரு நிறுவனத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தொடர்பு வகுப்புகளில் பாடம் எடுத்திருக்கிறோம். அங்கே கட்டுக்கட்டாக வந்த பயிற்சித் தாள்களில் மதிப்பெண் மட்டும் இட்டு அனுப்பினோம். விளிம்பில் ஒரு வரி எழுத நேரமில்லை என்று சொல்லிக்கொண்டோம். பிட்மனின் தாள் திரும்பிச் சென்றது பிழை திருத்தத்தோடு. நம் தாள் திரும்பிச் சென்றது வெறும் எண்ணோடு. குற்றம் நம்முடையது என்பதால் இங்கே பதிந்துவைக்கிறோம்.

4. கோழிவலை அலைவாங்கி

நான்காவது இடம் நம் நாட்டுச் சிற்றூர்கள். 1969இல் இந்திய அணுசக்தித் துறையும் அமெரிக்காவின் நாசாவும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, ஏ.டி.எஸ்.-6 என்னும் அமெரிக்கச் செயற்கைக்கோள் ஓராண்டுக்கு இந்தியாவின் பயன்பாட்டுக்குக் கிடைத்தது. 1975 ஆகஸ்டு 1 முதல் 1976 சூலை 31 வரை ஆந்திரம், பீகார், கருநாடகம், மத்தியப் பிரதேசம், ஒரிசா, இராசத்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 ஊர்கள் தொலைக்காட்சிப் பாடங்களைக் கண்டன. கோழிக்கூட்டுக்குப் பயன்படும் கம்பி வலையால் ஆன, ஏறத்தாழ 3 மீட்டர் விட்டமுள்ள அலைவாங்கி ஊர்ப் பொதுவிடத்தில் நின்றது. இத்திட்டத்தைக் கனவு கண்ட விக்ரம் சாராபாய் 1971 டிசம்பரிலேயே மறைந்துவிட்டார். அகமதாபாத்து விண்வெளிப் பயன்பாட்டு மையத்தில் யஷ்பால் தலைமையில் பணி நடந்தது.

நாளுக்கு நான்கு மணி நேர ஒளிபரப்பு. அதில் காலை ஒன்றரை மணி பள்ளிச் சிறார்க்கு. தெலுங்கு, கன்னடம், ஒரியா, இந்தி என நான்கு மொழிக்கும் பகிர்ந்தபோது ஒரு மொழிக்குக் கிடைத்தது 22½ நிமிடம். அந்த அளவுக்குள் ஒரு கருத்தைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். விடுமுறைக் காலத்தில் அதே வலைப்பின்னல் வழியே ஏறத்தாழ 50,000 தொடக்கப்பள்ளி ஆசிரியர்க்கு அறிவியல் கற்பிக்கும் பயிற்சி தரப்பட்டது. அங்கும் தொலைக்காட்சியை மட்டும் நம்பவில்லை. வானொலியும் செய்முறைக் கையேடும் உடன் சென்றன.

நம்மை மிகவும் ஈர்த்தது ஆய்வாளர்களின் பணி. பாடம் ஆக்கும் முன்பே அவ்வூர் மக்களின் வாழ்க்கையை அறியச் சென்றனர்; ஒளிபரப்பு நடந்த ஓராண்டிலும் சிலர் அச்சிற்றூர்களிலேயே தங்கி, யார் வருகிறார், யார் எழுந்து போகிறார் என்று நோக்கினர். முதல் நாள்களில் திரண்ட பெருங்கூட்டம் வேடிக்கை தீர்ந்ததும் குறைந்தது. மூன்று மாநிலங்களுக்கும் பொதுவாக ஆக்கிய செந்நெறி இந்தி, வட்டார வழக்கு பேசுவோர்க்கு எட்டவில்லை. இக்குறைகளை அவர்கள் எழுதிவைத்ததால்தான் நாம் இன்று படிக்கிறோம். ஓராண்டு முடிந்ததும் செயற்கைக்கோள் விலகிச் சென்றது. சோதனையின் வெற்றியைப் பேசும்போது, அதற்குப் பின் திரை இருண்டுபோன ஊர்களையும் நினைக்க வேண்டும்.

5. நம் வகுப்புக்குத் திரும்பி

இவற்றையெல்லாம் படித்தபின் நம் பிழை புலப்பட்டது. கல்லூரி மணியடிக்கும் ஐம்பது நிமிடத்தை அப்படியே கைப்பேசிக்குள் திணித்திருந்தோம். கருவியைப் பற்றிப் பலமுறை பேசினோம். மாடியில் வெயிலில் நின்ற மாணவரைப் பற்றி ஒருமுறையும் வினவவில்லை.

அடுத்த வாரம் முதல் முறையை மாற்றினோம். முதலில் ஒவ்வொரு மாணவரையும் அழைத்து, வீட்டில் கைப்பேசி யாருடையது, எந்நேரம் கிடைக்கும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டோம். ஒரு பாடலுக்குப் பன்னிரண்டு நிமிட ஒலிப்பதிவு. இரவிலோ விடியலிலோ இறக்கிக் கேட்டுக்கொள்ளலாம். பதிவின் முடிவில் ஒரே ஒரு வினா. விடையைத் தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்ப வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியேனும் மறுமொழி எழுதினோம். அருகருகே வாழும் மாணவர் மூவர் நால்வரைச் சேர்த்துச் சிறு குழுக்களாக்கி, கைப்பேசி இல்லாதவர்க்கு மற்றவர் படித்துச் சொல்லுமாறு செய்தோம். வாரத்தில் ஒருநாள் மட்டும் அனைவரும் கூடும் நேரலை. அதில் நாம் பேசுவதைக் குறைத்து, பெயர் சொல்லி அழைத்து அவர்களைப் பேசவைத்தோம். இவற்றுள் எதுவும் நம் கண்டுபிடிப்பன்று. 2021இல் தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி' என்று தன்னார்வலரைத் தெருத்தெருவாக அனுப்பியதிலும் அருகிருக்கும் துணைவர் என்னும் அதே பழைய அறிவே இருந்தது.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று எழுத இயலவில்லை. கல்லூரி மீண்டும் திறந்தபோது நால்வர் திரும்பவில்லை. ஒருவர் துணிக்கடைக்கு வேலைக்குச் சென்றுவிட்டார். ஒரு மாணவிக்குத் திருமணம் ஆகியிருந்தது. இருவரின் எண்கள் இயங்கவில்லை. முறையான திட்டம் முதல் நாளிலிருந்தே இருந்திருந்தால் அவர்களுள் ஒருவரையேனும் இருத்தியிருக்கலாமோ என்னும் எண்ணம் இன்னும் நீங்கவில்லை.

மாடியில் நின்ற அந்த மாணவர் பட்டம் முடித்தார். அவர் கேட்ட வினாவுக்கு அன்றே தொலைபேசியில் விடை சொன்னோம். பாடல் ஆறு அடிதான். சொல்லி முடிக்க மூன்று நிமிடம் ஆயிற்று. அன்று நாம் நடத்திய ஒரே வகுப்பு அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.