ஆன்கா பரிசோதனை

சிறிய இரத்தக்குழாய்களைத் தாக்கும் அழற்சி நோய்கள் சிலவற்றைக் கண்டறிய உதவும் இரத்தப் பரிசோதனை. நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுவிலுள்ள புரதங்களுக்கு எதிராக உடலே உண்டாக்கிக்கொள்ளும் எதிர்பொருள்கள்தாம் ஆன்கா எனப்படுகின்றன.

1982இல் ஆஸ்திரேலியாவில், சிறுநீரக அழற்சி கண்ட சிலரிடம் இவை முதலில் தென்பட்டன. கொசுவால் பரவும் ராஸ் ரிவர் வைரஸ் காரணமாக இருக்குமோ என்றுகூட அப்போது ஐயுற்றார்கள். 1985இல் ஃபான் டெர் வௌடே குழுவினர், அக்காலத்தில் வெக்னர் நோய் எனப்பட்ட இரத்தக்குழாய் அழற்சியோடு இவற்றுக்கு உள்ள தொடர்பை 'லான்செட்' இதழில் வெளியிட்டனர். அதன் பிறகே இச்சோதனை பரவியது.

ஒளிர்சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்ப்பதே பழைய முறை. அணுவின் உட்பரப்பு முழுதும் ஒளிர்ந்தால் சி-ஆன்கா, உட்கருவைச் சுற்றி மட்டும் ஒளிர்ந்தால் பி-ஆன்கா. இந்த இரண்டாவது தோற்றம் உண்மையில் ஆய்வகத்தின் கைவேலை: அணுக்களை எத்தனாலில் பதப்படுத்தும்போது சில புரதங்கள் இடம்பெயர்ந்து உட்கருவில் போய் ஒட்டிக்கொள்கின்றன. பார்ப்பவரின் கண்ணையும் அனுபவத்தையும் நம்பியிருந்த இம்முறை இன்று பின்னுக்குப் போய்விட்டது. பிஆர்3, எம்பிஓ ஆகிய இரு புரதங்களுக்கான எதிர்பொருள்களை எலிசா போன்ற முறைகளில் நேரடியாக அளப்பதையே முதற்சோதனையாகக் கொள்ளலாம் என்று 2017இல் பன்னாட்டு வல்லுநர்கள் பரிந்துரைத்தனர்.

ஆன்கா இருந்தாலே நோய் உறுதி என்று கொள்வதற்கில்லை. இதய உள்ளுறைத் தொற்று, காசநோய், தைராய்டுக்குத் தரப்படும் புரோபைல்தயோயுராசில், இரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரலசின் ஆகியவற்றாலும் முடிவு பாசிட்டிவாக வரலாம். காசநோய் மிகுந்த இந்தியாவில் இது வெறும் ஏட்டுச் செய்தியன்று. வெக்னர் எனப்பட்ட அந்நோயும் நுரையீரலில் குழிகளை உண்டாக்கலாம். எக்ஸ்ரேயில் அது காசநோய் போலவே தெரியலாம். ஒன்றை மற்றொன்றாக எண்ணி மருந்து கொடுத்தால் கேடு விளையும். அழற்சிக்குத் தரும் ஸ்டீராய்டு தொற்றை முற்றவிடும்.

ஆன்காவோடு செய்யப்படும் இரத்தச் சோதனைகளான இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. அளவுகள் அழற்சி இருப்பதைக் காட்டும். எந்த நோய் என்று காட்டா. மலிவான சிறுநீர்ச் சோதனைக்கு இங்கே உரிய மதிப்புக் கிடைப்பதில்லை. சிறுநீரகம் பழுதாகத் தொடங்கியதை, நோயாளி எதையும் உணரும் முன்பே, சிறுநீரில் கலந்த சிவப்பணுக்களும் புரதமும் சொல்லிவிடும்.

ஆன்கா நெகட்டிவாக வந்தாலும் நோய் இல்லையென்று விட்டுவிட முடியாது. சிறுநீரகத்திலோ வேறு உறுப்பிலோ எடுக்கும் பயாப்ஸியே வலுவான சான்று. ஆனால், உயிருக்கோ சிறுநீரகத்துக்கோ ஆபத்து நெருங்கினால், பயாப்ஸி முடிவுக்குக் காத்திராமல் சிகிச்சை தொடங்கப்படுகிறது.