கூரத்து யானைகள் ரெண்டு

எங்க ஊர் கூரம் செப்பேட்டுல (7-ஆம் நூற்றாண்டு) பல்லவன் முதலாம் பரமேஸ்வரவர்மனோட யானைக்குப் பேரே இருக்குங்க: அரிவாரணம். எங்க வீட்டு யானைக்குப் பேர் குட்டி யானை. அதாவது 2005 மே மாசம் வந்த டாடா ஏஸ்.

இண்டிகா இன்ஜினில் பாதி: 2 சிலிண்டர், 702 சிசி, 16 குதிரைசக்தி. ஏசி கிடையாது, பவர் ஸ்டீயரிங் கிடையாது. அதனாலதான் ரெண்டேகால் லட்சம் ரூபாய் பக்கத்துல விற்க முடிஞ்சது. மூணு சக்கர லோடு ஆட்டோ ஓட்டின அப்பா கடன் போட்டு வாங்கினார். பகல்ல நெல் மூட்டை, ராத்திரி கல்யாணப் பந்தல் சாமான். என் இன்ஜினியரிங் ஃபீஸ் அதுல வந்ததுதான்.

2020 ஏப்ரல்ல பிஎஸ்-6 வந்தது. புகை குறைஞ்சது நல்லதுதான். ஆனா டீசல் வண்டியில சென்சார் கூடிப்போச்சு, தெருமுனை மெக்கானிக் கை வைக்க யோசிக்கிறார். ஆபீஸ்ல தினம் புது வசதி சேர்க்கிற எனக்கு அப்பா கேட்ட கேள்வி மட்டும் உறுத்துது: "இதுல எதை எடுத்தா விலை குறையும்?"

பதில் தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே!