சம்சாரக் கடலும் குடும்பக் கரையும்: ‘கரையேறுதல்’ என்னும் வழக்கு

எடுத்த முயற்சியில் வெல்வதையும், உரிய நேரத்தில் ஓரிடத்தை எட்டுவதையும், கடும் நோயிலிருந்து பிழைப்பதையும் ஆங்கிலம் ‘மேக் இட்’ என்னும் ஒரே தொடரால் குறிக்க, தமிழ் அவற்றை வெவ்வேறு வினைகளால் வழங்குகிறது. நேரத்துக்கு வந்தவர் ‘வந்து சேர்ந்தார்’. நோயாளியைப் பற்றிய கேள்வி ‘ஆள் தேறுவாரா’ என்பது. வறுமையைக் கடந்து நிலைபெற்றவரோ ‘கரையேறிவிட்டார்’. இவற்றுள் நீண்ட சமய வரலாறு உடையது கரையேறுதல் என்பதால், இக்கட்டுரை அதையே பின்தொடர்கிறது.

பிறவியைப் பெருங்கடலாகவும் இறைவன் அடியைச் சேர்ந்தோரை அதை நீந்துவோராகவும் காணும் உருவகம், திருக்குறளின் முதல் அதிகாரத்தின் பத்தாவது குறளிலேயே உள்ளது. கல்லோடு பிணித்துக் கடலில் தள்ளப்பட்ட திருநாவுக்கரசர் அக்கல்லே தெப்பமாகத் திருப்பாதிரிப்புலியூரில் கரை சேர்ந்ததை 12ஆம் நூற்றாண்டின் பெரியபுராணம் விரிவாகக் கூறுகிறது. கடலூரை அடுத்த கரையேறவிட்டகுப்பம் என்னும் ஊர்ப்பெயர் அந்நிகழ்வின் நினைவைத் தாங்கி நிற்கிறது. இந்நிலையில் கரை என்பது வீடுபேறு, அதாவது பிறவிச் சுழற்சியிலிருந்து பெறும் விடுதலை.

அந்தக் கரை குடும்பத்துக்குள் வந்ததற்குச் ‘சம்சாரம்’ என்னும் சொல்லின் பொருள்மாற்றம் சிறந்த விளக்கம் தருகிறது. வடமொழியில் பிறப்பு இறப்புச் சுழற்சியைக் குறித்த அச்சொல், தமிழ்ப் பேச்சில் இல்வாழ்க்கையையும் மனைவியையும் குறிக்கலாயிற்று. கடந்தாக வேண்டிய கடல் குடும்பம் என்றானபோது கடனை அடைப்பதும் பிள்ளைகளைப் படிக்கவைப்பதும் கரையேற்றம் ஆயின. முன்பு இறைவனுக்கு உரியதாக இருந்த ‘கரையேற்று’ என்னும் பிறவினை, அதாவது பிறரைக் கரையேறச் செய்வதைக் குறிக்கும் வினை, தந்தைக்கும் தமையனுக்கும் உரியதாயிற்று. ‘பெண்ணைக் கரையேற்றுவது’ என்னும் தொடரில் இந்த மாற்றம் கசப்பாகத் தெரிகிறது. மகளின் திருமணத்தை அவளுடைய வாழ்வாகக் காணாது, பிறர் சுமந்து இறக்கும் பாரமாகக் காணும் அத்தொடர் இன்னும் வழக்கில் இருப்பது வருத்தத்துக்குரியது.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இதே மாற்றத்துக்கு வேறொரு சான்றும் உண்டு. 1956இல் தமிழகத்தோடு இணைந்த பழைய கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களின் பேச்சில் மலையாளத்தின் சாயல் ஆழமானது. ஆபத்திலிருந்து தப்புதல், வாழ்வில் முன்னேறுதல் என இரண்டையும் குறிக்கும் மலையாளத்தின் ‘ரட்சப்பெடுக’, இங்கே ‘ரட்சப்பட்டான்’ என ஒலிக்கிறது. 1806இல் மறைப்பணியாளர் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தபின் வேரூன்றிய சீர்திருத்தக் கிறித்தவத்தில் ‘இரட்சிக்கப்படுதல்’ பாவத்திலிருந்து மீட்கப்படுதல் என்னும் பொருளைக் காத்துவர, அதே வேரிலிருந்து வந்த பேச்சுச் சொல், வேலை கிடைத்து வீடு கட்டியவனுக்கும் பொருந்துகிறது.

ஆங்கிலத்தின் ‘அரைவ்’ என்னும் சொல்லும் நீரிலிருந்து பிறந்ததே; கரையைக் குறிக்கும் ‘ரீப்பா’ என்னும் இலத்தீன் சொல்லை அடியாகக் கொண்டு, பிரெஞ்சின் வழியே வந்த அது, முதலில் கப்பல் கரையை அடைவதைக் குறித்துப் பின்னர் எவ்வகை வருகைக்கும், அதன்பின் சமூகத்தில் உயர்நிலை எய்துவதற்கும் ஆகிவந்தது. அங்கே வெற்றிக்கு முன்பிருந்தது பயணம், தமிழிலோ மீட்பு. ஆகவே ‘கரையேறிவிட்டார்’ என்பதில் பெருமிதத்தைவிட, மூழ்காமல் தப்பிய நிம்மதியே மிகுதியாக ஒலிக்கிறது.

கன்னியாகுமரி மாவட்டத்தில், கோதையாறு பாறைப் பரப்பில் அகன்றோடி அருவியாக விழும் திற்பரப்பில், கரையேறுதலின் ஆதிப்பொருளும் சமயப்பொருளும் ஒன்றாகக் காணக்கிடைக்கின்றன. சிவராத்திரியை ஒட்டிய சிவாலய ஓட்டத்தில், முஞ்சிறைத் திருமலையில் புறப்பட்டுத் திக்குறிச்சி வழியாக வரும் அடியவர்கள், பன்னிரு தலங்களுள் மூன்றாவதான இவ்வூரில் ஆற்றில் மூழ்கி, ஈர உடையோடு கரையேறி மகாதேவரை வணங்குகின்றனர். அதன்பின், திருநட்டாலத்தில் நிறைவுறும் ஓட்டத்தில் எஞ்சிய ஒன்பது தலங்களுள் முதலாவதான திருநந்திக்கரையை நோக்கி, விசிறியை ஏந்தியவாறு, ‘கோவிந்தா, கோபாலா’ என்னும் முழக்கத்தோடு மீண்டும் ஓடத் தொடங்குகின்றனர்.