ஓபியாய்டு வலிநிவாரணிகள்: அளவு மீறலும் அடிமைநிலையும்

கசகசாச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் பால் வடியும். அது உறைந்தால் அபின். அதில் இருக்கும் மார்பின், கோடீன், அவற்றைப் போலவே வேலை செய்யும்படி தயாரிக்கப்படும் ஆக்சிகோடோன், டிரமடால், டேபென்டடால், ஃபென்டனில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஓபியாய்டுகள் என்று பெயர். பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகும், புற்றுநோய் முற்றிய நிலையிலும் வரும் வலிக்கு இவற்றுக்கு ஈடான மருந்து அரிது. சிக்கல் எங்கே என்றால், இந்த மருந்துகள் போய் ஒட்டும் ஏற்பிகள் மூளைத்தண்டில் மூச்சை நடத்தும் இடத்திலும் இருக்கின்றன. ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறும்போது மூச்சை விரட்டி வாங்க வைப்பது அந்த இடம்தான். மருந்து அளவு மீறினால் அது மந்தமாகிவிடும். மூச்சுத் திணறும் உணர்வே இல்லாமல் மூச்சு நின்றுபோகும்.

அதனால் அளவு மீறல் பார்ப்பதற்குத் தூக்கம் மாதிரியே இருக்கும். பல நாள் வலியில் துடித்தவர் அயர்ந்து குறட்டை விடுகிறார். வீட்டில் இருப்பவர்கள் நிம்மதியாக விளக்கை அணைத்துவிட்டுப் போகிறார்கள். அந்தக் குறட்டையைத்தான் கவனிக்க வேண்டும். வழக்கத்தில் இல்லாத கனத்த குறட்டை, தொண்டையில் களகளவென்ற சத்தம், வெகுநேரம் விட்டு விட்டு வரும் மூச்சு ஆகியவை காற்றுக்குழாய் அடைபடுவதன் அடையாளம். உலுக்கினாலும், நெஞ்செலும்பின் நடுவில் விரல்முட்டியால் அழுத்தித் தேய்த்தாலும் விழிக்காதவர் தூங்கவில்லை. இமையைத் தூக்கிப் பார்த்தால் கண்மணி குண்டூசி முனையாகச் சுருங்கியிருக்கும். உதடும் நகங்களும் நீலம் பாரிக்கும். நம்மைப் போன்ற கறுத்த நிறத்தவர்களுக்கு அது சாம்பல் பூத்தது போலத் தெரியும்.

மாத்திரையை அள்ளி விழுங்கியவருக்குத்தான் இது நேரும் என்பதில்லை. டாக்டர் சொன்ன அளவோடு மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தாலே போதும். பென்சோடயாசெபைன் வகைத் தூக்க மாத்திரைகளோடு ஓபியாய்டைச் சேர்ப்பது பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016இல் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை அட்டையில் அச்சிடச் சொன்னது. சிறுநீரகம் பழுதானவருக்கு மார்பினிலிருந்து உண்டாகும் வீரியமுள்ள பொருள்கள் உடம்பிலேயே தேங்கும். கோடீனைக் கல்லீரல் மார்பினாக மாற்றுகிறது. சிலருக்கு இந்த வேலை பிறவியிலேயே மிக வேகமாக நடக்கும். டான்சில் அறுவைக்குப் பின் கோடீன் கொடுக்கப்பட்ட குழந்தைகள் சிலர் இறந்தது இப்படித்தான். 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கோடீனும் டிரமடாலும் கூடாது என்று 2017இல் அமெரிக்காவில் தடை வந்தது. தோலில் ஒட்டும் ஃபென்டனில் பட்டையின் மேல் வெந்நீர்ப் பை வைத்தாலோ, கடும் காய்ச்சல் அடித்தாலோ, மூன்று நாளைக்கான மருந்து வேகமாக உள்ளே இறங்கத் தொடங்கும்.

அடிமைநிலையின் கதைக்கு அமெரிக்காவின் ஆக்சிகான்டினை விடப் பெரிய சான்று கிடையாது. பர்டியூ ஃபார்மா நிறுவனம் 1996இல் சந்தைக்குக் கொண்டுவந்த இந்த ஆக்சிகோடோன் மாத்திரை, 12 மணி நேரம் சிறிது சிறிதாகக் கரையும். அதனால் தவறான பயன்பாடு குறையும் என்று நம்பப்படுவதாக மருந்துக் குறிப்பிலேயே எழுதியிருந்தது. நசுக்கினால் மொத்த மருந்தும் ஒரே நொடியில் கிடைக்கும் என்பதைப் பயன்படுத்தியவர்கள் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். ஓபியாய்டு எடுக்கும் நோயாளிகள் அடிமையாவது அபூர்வம் என்று அக்காலத்தில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டதற்கு ஆதாரம், 1980இல் ஒரு மருத்துவ இதழில் வந்த ஐந்தே வாக்கியக் கடிதம். அதுவும் மருத்துவமனையில் படுத்திருந்தவர்களைப் பற்றியது! 2012இல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதிய ஓபியாய்டு சீட்டுகள் 25 கோடியைத் தாண்டின. பர்டியூவைச் சேர்ந்த நிறுவனமும் மூன்று உயர் அதிகாரிகளும் 2007இலேயே நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தார்கள். அபராதம் 60 கோடி டாலருக்கு மேல். அதற்குப் பிறகும் ஐந்து ஆண்டு ஏறிய எண்ணிக்கைதான் அந்த 25 கோடிச் சீட்டுகள்.

உடம்பு பழகிப்போவது வேறு, அடிமையாவது வேறு. சில வாரம் தொடர்ந்து சாப்பிட்ட யாருக்கும் மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்சு, வயிற்றுப்போக்கு, உடல்வலி வரும். இது மட்டும் அடிமைத்தனம் ஆகாது. சீட்டு முடியும் முன்பே அட்டை காலியாவது, இரண்டு மூன்று டாக்டரிடம் ஒரே மருந்தைக் கேட்டு வாங்குவது, வலி குறைந்த பிறகும் தூக்கத்துக்காகவோ மனக்கவலைக்காகவோ போட்டுக்கொள்வது, வேலையும் வீடும் இரண்டாம்பட்சமாவது ஆகியவைதான் கவலைப்பட வேண்டியவை. நிறுத்தும்போது வரும் உடல்வலியைப் பழைய வலியென்று நினைத்து மறுபடி மாத்திரைக்குப் போகிறவர்களும் உண்டு. சில வாரம் விட்டிருந்துவிட்டுப் பழைய அளவையே போட்டால் உயிருக்கே ஆபத்து. பழகிய உடம்பு அதற்குள் பழக்கத்தை மறந்திருக்கும்.

இந்தியாவில் டிரமடால் 2018இல் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வந்தது. தமிழ்நாட்டில் டேபென்டடாலைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்ளும் இளைஞர்கள் பற்றிய கைதுச் செய்திகள் அடிக்கடி வருகின்றன. ஆனால் அடிமையாகிவிடுவார் என்ற பயத்தில் புற்றுநோயாளிக்கு மார்பினை மறுப்பது அநியாயம். அதை எளிதாகக் கிடைக்கச் செய்யத்தான் 2014இல் அதே சட்டம் திருத்தப்பட்டது.

அளவு மீறலுக்கு மாற்றுமருந்து நாலாக்சோன். சில நிமிடங்களில் மூச்சைத் திருப்பிக் கொடுக்கும். ஆனால் அதன் வேலை 30 முதல் 90 நிமிடம் வரைதான். மாத்திரையின் வேலை அதைவிட நீளலாம். ஆகவே விழித்தவரையும் தனியாக விடக் கூடாது. தமிழ்நாட்டில் 108ஐ, இலங்கையில் 1990ஐ அழையுங்கள். மூச்சு நின்றிருந்தால் செயற்கைச் சுவாசம் கொடுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஆம்புலன்ஸில் வந்தவர்களிடம் மாத்திரை அட்டையைக் கொடுங்கள், காலியாக இருந்தாலும்.